சர்க்கரைக் கரைசலை ஒளியால் அளப்பது எப்படி: வீட்டு மேசையில் ஒரு போலாரிமீட்டர்

கரும்பாலை ஆய்வகத்தில் ஒரு குழாய் உண்டு. சரியாக 20 சென்டிமீட்டர் நீளம், இரண்டு முனையிலும் வட்டக் கண்ணாடி, அதன் மேல் திருகு மூடி. தெளிய வைத்து வடிகட்டிய கரும்புச் சாற்றை அதில் நிரப்பி, போலாரிமீட்டர் என்ற கருவிக்குள் படுக்க வைத்து, கண்ணை வைத்துப் பார்த்து ஒரு எண்ணைக் குறிப்போம். அந்த எண்ணுக்கு ஆலையில் 'போல்' என்று பெயர். வண்டியில் வந்த கரும்பில் எவ்வளவு சர்க்கரை இருந்தது, சக்கையோடு எவ்வளவு போனது, மொலாசஸோடு (சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் கறுத்த பாகு) எவ்வளவு போனது என்ற மொத்தக் கணக்கும் இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

அந்தக் கருவியோடு பல வருடம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அதன் அடிப்படை ஒரு பள்ளி மாணவர் தன் கையால் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு எளிமையானது. கடினம் கருவியில் இல்லை. பூஜ்ஜியம் பார்ப்பது, கரைசல் கலக்குவது, இருட்டைக் கண்ணால் பிடிப்பது ஆகிய மூன்றிலும்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த மூன்றுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

என்ன நடக்கிறது

விளக்கிலிருந்து வரும் ஒளி எல்லாப் பக்கமும் அதிரும். போலராய்டு தகடு அதில் ஒரு திசை அதிர்வை மட்டும் கடக்க விட்டு மற்றதை நிறுத்திவிடும். பாடப்புத்தகம் இதைத் தளவிளைவு என்கிறது. அப்படி வந்த ஒளியின் பாதையில் இரண்டாவது தகட்டை வைத்துச் சுழற்றினால், ஓரிடத்தில் முழு இருட்டாகிவிடும். இரண்டு தகடுகளும் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் இடம் அது.

இப்போது இரண்டுக்கும் நடுவே தண்ணீர் வையுங்கள், இருட்டு மாறாது. உப்புக் கரைசலுக்கும் மாறாது. சர்க்கரைக் கரைசலை வைத்தால் வெளிச்சம் திரும்பி வரும்! இரண்டாவது தகட்டைச் சில டிகிரி சுழற்றினால் மறுபடி இருட்டாகும். அப்படிச் சுழற்றிய கோணம்தான் நாம் அளக்கப்போவது.

காரணம் சர்க்கரை மூலக்கூறின் உருவம். வலது கையும் இடது கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், ஆனால் வலது கை உறை இடது கைக்குப் பொருந்தாது. சர்க்கரை மூலக்கூறும் அப்படி 'கை' உள்ளது. செடி அதை ஒரே கையாகத்தான் செய்கிறது. அதனால் கோடானுகோடி மூலக்கூறுகளும் ஒளியின் அதிர்வுத் தளத்தை ஒரே பக்கமாகத் திருப்புகின்றன. திரவங்கள் இப்படித் திருப்புவதை 1815-இல் கண்டவர் பிரான்சின் ழான் பாப்டிஸ்ட் பியோ. திருப்பும் கோணம் கரைசலின் நீளத்துக்கும் செறிவுக்கும் நேர் விகிதத்தில் இருக்கும் என்று அவர் காட்டியதுதான் இன்றைக்கும் சூத்திரம்:

சுழற்சிக் கோணம் = சிறப்புச் சுழற்சி × நீளம் × செறிவு

நீளம் டெசிமீட்டரில் (10 சென்டிமீட்டர் ஒரு டெசிமீட்டர்), செறிவு ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில். சிறப்புச் சுழற்சி ஒவ்வொரு பொருளுக்கும் உரிய எண். நாம் காபியில் போடும் சர்க்கரையான சுக்ரோஸுக்கு, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில், 20 டிகிரி வெப்பநிலையில், அது +66.5. குளுக்கோஸுக்கு +52.7. ஃப்ரக்டோஸ் எதிர்ப்பக்கம் திருப்பும்; அதற்கு −92 அளவில்.

தேவையான பொருட்கள், அவற்றில் உள்ள கண்ணிகள்

போலராய்டு தகடு அறிவியல் உபகரணக் கடைகளிலும் ஆன்லைனிலும் 'லீனியர்' என்று கேட்டால் கிடைக்கும். கெட்டுப்போன கால்குலேட்டரின் திரையிலிருந்தும் உரித்தெடுக்கலாம். தியேட்டரில் தரும் 3டி கண்ணாடி பெரும்பாலும் வட்டத் தளவிளைவு வகை; அதை வைத்து ஆரம்பித்தால் குழம்பிப்போவீர்கள், வேண்டாம்.

வெளிச்சத்துக்குப் பச்சை எல்.இ.டி. ஒன்று, அதன் மேல் ஒளியைப் பரப்ப டிரேசிங் பேப்பர். ஏன் ஒரே நிறம் என்றால், சர்க்கரை ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு கோணத்துக்குத் திருப்புகிறது. நீல ஒளி சுழலும் கோணம் சிவப்பு ஒளியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெள்ளை விளக்கை வைத்தால் தகட்டைச் சுழற்றச் சுழற்ற நீலம், ஊதா, ஆரஞ்சு என்று அழகான நிறங்கள் வரும், ஆனால் இருட்டு வரவே வராது. ஒரு தடவை அதையும் பாருங்கள், பார்க்க வேண்டிய காட்சி. அளப்பதற்கு மட்டும் ஒரே நிறம்.

கரைசல் வைக்க, தட்டையான அடியுள்ள நேரான உயரக் கண்ணாடிப் பாத்திரம். பிளாஸ்டிக் கூடாது. வார்ப்பில் அழுத்தி உருவான பிளாஸ்டிக் தானாகவே ஒளியின் தளவிளைவைக் கலைத்துவிடும். அச்சில் வார்த்த மலிவுக் கண்ணாடி டம்ளரும் சில நேரம் அப்படித்தான். காலிப் பாத்திரத்தை இருட்டாக்கிய இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். வெளிச்சத் திட்டுகள் தெரிந்தால் அந்தப் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள்.

இவற்றோடு பெரிய வட்டக் கோணமானி ஒன்று (காகிதத்தில் 20 சென்டிமீட்டர் விட்டத்துக்கு அச்சிட்டால் அரை டிகிரி வரை படிக்கலாம்), 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு, 100 மில்லி அளவுக் குடுவை.

இருட்டைப் பிடிப்பது: இரண்டாகப் பிளந்த தகடு

பலரும் இங்கேதான் தடுமாறுவார்கள். 'எங்கே முழு இருட்டோ அங்கே படி' என்று எழுதிவிடுவது சுலபம். கண்ணுக்கு அது முடியாத வேலை. இருட்டுப் புள்ளியிலிருந்து 2 டிகிரி தள்ளிப்போனாலும் கசியும் ஒளி, முழு வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நமக்கு இரண்டும் ஒரே இருட்டாகவே தெரியும்.

ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மங்கல்களில் எது அதிகம் என்று சொல்வதில் நம் கண் கெட்டிக்காரக் கண். அதனால்தான் நல்ல போலாரிமீட்டர்களில் பார்வை வட்டத்தை இரண்டு பாதியாகப் பிரித்திருப்பார்கள். லோரான் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரில் வழங்கும் அரைநிழல் கருவி அப்படிப்பட்டது. கல்லூரி லேபில் பார்த்திருப்பீர்கள். அதை நாமும் செய்துகொள்ளலாம்.

1. போலராய்டு தகட்டின் அச்சை, அதாவது அது கடக்க விடும் அதிர்வின் திசையை, கண்டுபிடியுங்கள். பளபளக்கும் தரையில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாகப் பட்டுத் தெறிப்பதைத் தகட்டின் வழியே பார்த்துச் சுழற்றினால், ஓரிடத்தில் அந்தப் பளபளப்பு அடங்கும். அப்போது தகட்டின் அச்சு செங்குத்தாக நிற்கிறது. ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள்.

2. அந்த அச்சுக்கு 5 டிகிரி சாய்வாக ஒரு நேர்க்கோடு போட்டு, அதன் வழியே பிளேடால் தகட்டை இரண்டாக வெட்டுங்கள்.

3. இடது துண்டை அப்படியே வையுங்கள். வலது துண்டை மேல்முனை கீழே வரும்படி முன்பின் திருப்பி, வெட்டிய விளிம்பு மறுபடியும் இடது துண்டைத் தொடும்படி ஒட்டுங்கள். இப்போது ஒரு பாதியின் அச்சு நடுக்கோட்டுக்கு 5 டிகிரி இந்தப் பக்கம், மறு பாதி 5 டிகிரி அந்தப் பக்கம்.

4. இதை எல்.இ.டி.யின் மேல் கீழ்த் தகடாக வையுங்கள். மேலே இன்னொரு முழுத் தகட்டை வைத்துச் சுழற்றினால் முதலில் இடது பாதி கறுக்கும், பிறகு வலது பாதி கறுக்கும். நடுவில் ஓரிடத்தில் இரண்டும் ஒரே மங்கலாகி, நடுக்கோடு மறைந்துபோகும்.

அந்த மறைவுதான் நாம் அளவெடுக்கும் இடம், சமப்புள்ளி. கால் டிகிரி நகர்த்தினாலும் கோடு தெரிய ஆரம்பிக்கும். ஒரு எச்சரிக்கை: 90 டிகிரி தள்ளி, இரண்டு பாதியும் ஒரே அளவு பளிச்சென்று இருக்கும் இன்னொரு இடமும் வரும். அங்கே கண்ணுக்கு நுணுக்கம் கிடையாது. எப்போதும் மங்கலான சமத்தையே எடுங்கள்.

கீழே விளக்கு, அதன் மேல் பிளந்த தகடு, அதன் மேல் கண்ணாடிப் பாத்திரம், உச்சியில் கோணமானியோடு சுழலும் மேல் தகடு. அட்டைக் குழாயால் சுற்றி மூடி, பக்கவாட்டு வெளிச்சம் வராமல் செய்யுங்கள். அறையையும் இருட்டாக்குங்கள். ஐந்து நிமிடம் கண் பழகிய பிறகு படித்தால் அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரும்.

பூஜ்ஜியம்

பாத்திரத்தில் வெறும் தண்ணீரை, பின்னால் கரைசலை எந்த உயரத்துக்கு ஊற்றப்போகிறீர்களோ அதே உயரத்துக்கு ஊற்றிச் சமப்புள்ளியைப் படியுங்கள். இடமிருந்து வந்து மூன்று தடவை, வலமிருந்து வந்து மூன்று தடவை. ஆறின் சராசரி உங்கள் பூஜ்ஜியம். கோணமானியில் அது 0 என்ற இடத்தில்தான் விழ வேண்டும் என்றில்லை. 3.5 என்று வந்தால் 3.5 என்றே எழுதுங்கள், எல்லா அளவிலிருந்தும் அதைக் கழிக்கலாம். வேலை முடிந்ததும் மறுபடி தண்ணீரை வைத்துப் பாருங்கள். பூஜ்ஜியம் நகர்ந்திருந்தால் நடுவில் எடுத்த அளவு எதையும் நம்ப முடியாது.

கரைசல் கலக்குவது

மாணவர்கள் அதிகம் தவறுவது இதில். '100 மில்லி தண்ணீரில் 20 கிராம் சர்க்கரை' என்பதும் '100 மில்லி கரைசலில் 20 கிராம் சர்க்கரை' என்பதும் வேறு வேறு. முன்னதில் மொத்தம் ஏறக்குறைய 112 மில்லி ஆகிவிடும். செறிவு 100 மில்லிக்கு 18 கிராம் கூட வராது. நமக்கு வேண்டியது பின்னது. 20 கிராமை 60 மில்லி தண்ணீரில் முழுதாகக் கரைத்து, குடுவையில் ஊற்றி, கரைத்த பாத்திரத்தைக் கொஞ்சம் தண்ணீரால் அலசி அதையும் ஊற்றி, கடைசியில் 100 மில்லிக் கோடு வரை நிரப்ப வேண்டும். வெந்நீரில் கரைத்திருந்தால் அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகே கோட்டுக்கு நிரப்புங்கள்.

பிறகு நன்றாகக் கலக்குங்கள். 'கரைந்துவிட்டது' என்று தோன்றிய பிறகும் கலக்குங்கள். சரியாகக் கலக்காத கரைசலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வெயில் நேரத் தார்ச்சாலையின் மேல் காற்று நெளிவதைப் போல மெல்லிய இழைகள் நெளியும். அந்த நெளிவு இருக்கும்வரை நடுக்கோடு ஒரு முனையில் மறைந்து மறுமுனையில் தெரியும். இழைகள் ஓயும்வரை காத்திருங்கள். குமிழி இருந்தால் மெதுவாகத் தட்டி மேலே விடுங்கள். ஆலைக் குழாய்களில் குமிழி ஒதுங்கவென்றே நடுவிலோ முனையிலோ ஒரு புடைப்பு வைத்திருப்பார்கள்.

அளவுகோல் வரைவது

புத்தகத்தில் உள்ள 66.5 சோடியம் ஒளிக்கு உரியது. உங்கள் பச்சை எல்.இ.டி.க்கு அந்த எண் பொருந்தாது. 80-க்கு மேல் வரும். எவ்வளவு என்பது உங்கள் விளக்கைப் பொறுத்தது. அதனால் தெரிந்த கரைசல்களை வைத்து உங்கள் கருவிக்கே ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள்.

100 மில்லிக்கு 10, 20, 30, 40 கிராம் என நான்கு கரைசல். பாத்திரத்தில் ஒவ்வொன்றும் சரியாக 15 சென்டிமீட்டர் உயரம். பூஜ்ஜியத்தைக் கழித்த பிறகு 12.5, 25, 38, 50.5 டிகிரி என்று வந்தால், வரைபடத் தாளில் அவை ஆதிப்புள்ளி (0, 0) வழியே போகும் ஒரே நேர்க்கோட்டில் உட்காரும். கோட்டின் சாய்வு, 100 மில்லிக்கு ஒரு கிராம் கூடினால் 1.26 டிகிரி. இனிப் பெயர் தெரியாத பாகு ஒன்று 31 டிகிரி காட்டினால் 31-ஐ 1.26-ஆல் வகுங்கள்: 100 மில்லிக்கு 24.6 கிராம். கோணத்தில் அரை டிகிரி பிசகினால் விடையில் 0.4 கிராம் பிசகும். அட்டையும் பசையும் வைத்துச் செய்த கருவிக்கு இது நல்ல துல்லியம்.

ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகினால் கருவியைச் சந்தேகிக்கும் முன் அந்தக் கரைசலைத் திரும்பக் கலக்குங்கள். எல்லாப் புள்ளியும் சேர்ந்து மேலேயோ கீழேயோ தள்ளியிருந்தால் பூஜ்ஜியத்தைப் பாருங்கள்.

மேலிருந்து விளக்கை நோக்கிப் பார்க்கையில் தகட்டைக் கடிகார முள் திசையில் சுழற்றிச் சமப்புள்ளி கிடைத்தால் அது வலஞ்சுழி, கூட்டல் குறி. எதிர்ப்பக்கமானால் இடஞ்சுழி, கழித்தல். ஆனால் தகடு 180 டிகிரி சுழன்றால் பழைய நிலைக்கே வந்துவிடும். அதனால் +100-ம் −80-ம் கண்ணுக்கு ஒன்றே. சந்தேகம் வந்தால் பாத்திரத்தில் பாதியைக் கொட்டிவிடுங்கள். +100 உண்மையானால் +50-க்கு இறங்கும், −80 உண்மையானால் −40-க்கு வரும்.

கருவி அளப்பது சுழற்சியை, சர்க்கரையை அல்ல

இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கரைசலில் உள்ள எல்லாப் பொருட்களின் சுழற்சியும் கூட்டிக் கழித்து வரும் ஒரே எண்தான் நமக்குக் கிடைக்கிறது.

கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடியைக் கரைத்து உடனே படியுங்கள். அரை மணி கழித்துப் படியுங்கள். எண் இறங்கியிருக்கும். குளுக்கோஸ் மூலக்கூறுக்கு இரண்டு வளைய வடிவம். பொடியில் பெரும்பாலும் இருக்கும் வடிவத்தின் சிறப்புச் சுழற்சி +112. தண்ணீரில் அது மெல்ல மற்ற வடிவமாக மாறி, இரண்டும் சமநிலைக்கு வரும்போது +52.7-இல் நிற்கும். 1846-இல் துப்ருன்ஃபோ கண்டது இது. குளுக்கோஸையும் தேனையும் அளப்பதானால் கரைசலை ஒரு இரவு வைத்துவிட்டுப் படியுங்கள்.

சுக்ரோஸோடு அமிலம் சேர்ந்தால் அது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிளக்கும். ஃப்ரக்டோஸின் கை ஓங்கி, கூட்டலாக இருந்த சுழற்சி கழித்தலாகத் தலைகீழாகிவிடும். 'இன்வெர்ட் சுகர்' என்ற பெயர் இப்படி வந்ததுதான். 1850-இல் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் இந்தத் திருப்பத்தைப் போலாரிமீட்டரில் நேரத்தோடு அளந்தார். வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை எண்ணால் சொன்ன முதல் அளவீடு என்று அதைத்தான் சொல்வார்கள். நிறமில்லாத எலுமிச்சை சோடாவை வாயு போக ஆற்றி அளந்தால், லேபிளில் போட்டதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். கம்பெனி ஏமாற்றியதாக முடிவு கட்டிவிடாதீர்கள். புளிப்பில் நாள்பட நின்ற சர்க்கரை பிளந்திருக்கும்.

தேனைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பூந்தேனில் ஃப்ரக்டோஸ் அதிகம் என்பதால் அது பொதுவாக இடஞ்சுழி. சர்க்கரைப் பாகு கலந்தால் எண் கூட்டல் பக்கம் நகரும். ஆனால் இன்வெர்ட் பாகைக் கலந்தவரை இந்தக் கருவி பிடிக்காது. பூச்சிகள் கசியும் இனிப்பிலிருந்து தேனீ சேகரித்த அசல் தேனே வலஞ்சுழியாக இருக்கும் வகையும் உண்டு. இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

வெப்பநிலை சுக்ரோஸை அதிகம் பாதிக்காது. ஃப்ரக்டோஸை நன்றாகப் பாதிக்கும். இன்வெர்ட் சுகரைச் சூடாக்கிக்கொண்டே போனால் 87 டிகிரி அருகில் அதன் சுழற்சி பூஜ்ஜியமாகிவிடும்.

ஆய்வகக் கருவியில் செய்பவர்களுக்கு

ஆலைக் கணக்கில் கோணத்தை டிகிரியாகப் படிப்பதில்லை. 26 கிராம் தூய சுக்ரோஸை 100 மில்லி கரைசலாக்கி, 200 மில்லிமீட்டர் குழாயில், 20 டிகிரி வெப்பநிலையில் வைத்தால் வரும் சுழற்சியை 100 என்று வைத்திருக்கிறார்கள். சோடியம் ஒளியில் அது 34.6 டிகிரி, மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், ஒத்து வரும். அதனால் 26 கிராம் மாதிரியை இதே முறையில் வைத்தால் கருவி காட்டும் எண்ணே 'போல்' சதவீதம். சாறானால் எடை போடாமல் நேராக நிரப்பி, வந்த எண்ணை 0.26-ஆல் பெருக்கிச் சாற்றின் அடர்த்தியால் வகுக்கலாம். 20 பிரிக்ஸ் சாறு (100 கிராம் சாற்றில் கரைந்த திடப்பொருள் 20 கிராம்), அடர்த்தி 1.081, கருவி காட்டியது 70 என்றால் 'போல்' 16.8. அதை 20-ஆல் வகுத்தால் பியூரிட்டி, அதாவது கரைந்த திடப்பொருளில் சர்க்கரையின் பங்கு, 84 சதவீதம்.

கறுத்த சாற்றைத் தெளிவிக்கக் காலம்காலமாக ஈய அசிட்டேட் உப்பைப் பயன்படுத்தினார்கள். அது நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கழிவைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஈயமில்லாத தெளிவிப்பான்கள் இருக்கின்றன. 880 நானோமீட்டர் அகச்சிவப்பில் அளக்கும் கருவிகள் இன்னும் நல்லது, நிறம் இருந்தாலும் அவை ஊடுருவிப் படித்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கசியக்கூடாது என்று குழாய் மூடியைப் பலம் கொண்டு இறுக்கினேன். வெறும் தண்ணீருக்கே பூஜ்ஜியம் வரவில்லை. அரை நாள் விளக்கையும் கருவியையும் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். மூத்த கெமிஸ்ட் வந்து மூடியைக் கால் சுற்று தளர்த்தினார், எண் இறங்கிப் பூஜ்ஜியத்தில் நின்றது. அழுத்தம் பட்ட கண்ணாடி, பிளாஸ்டிக் போலவே ஒளியைக் கலைக்கும். கசியாத அளவுக்கு மட்டும் திருகினால் போதும். கருவியே சரியா என்று பார்க்கக் குவார்ட்ஸ் தட்டு உண்டு. அதன் சுழற்சி மாறாதது என்பதால், அதில் பொறித்த எண்ணும் கருவி காட்டும் எண்ணும் ஒத்து வர வேண்டும்.

கடைசியாக, வெட்டிய கரும்பு. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீத சர்க்கரை கட்டுமானம் (கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு) உள்ள கரும்புக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். அந்தக் கட்டுமானம் ஆலை முழுவதும் எடுத்த சர்க்கரையைக் கொண்டு கணக்கிடுவது, ஒரு குழாயில் படித்த 'போல்' எண் அல்ல. வெட்டி வெயிலில் நாள்கணக்கில் கிடந்த கரும்பில் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று டெக்ஸ்ட்ரான் என்ற பிசினை உண்டாக்கும். சர்க்கரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஒளியை அது வலப்பக்கம் திருப்புகிறது. உள்ளே சர்க்கரை குறைந்திருக்கும், கருவியோ நல்ல எண்ணைக் காட்டும். சாறு வழக்கத்தைவிடப் பிசுபிசுத்து, வடிகட்டித் தாளில் இறங்க மறுத்தால் அந்தப் போல் எண்ணைத் தனியாக நம்பாதீர்கள். வெட்டிய நேரத்தைக் கேட்டுக் குறிப்பேட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.